ஓணத்துக்கு ஒரு பிடி தும்பை

தும்பை ஓராண்டுச் செடி. மழையோடு முளைத்து, சில மாதங்களில் பூத்து, விதை உதிர்த்து, வெயில் ஏறும்போது காய்ந்துவிடும். முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. வரப்பிலும் தரிசிலும் ரோட்டோரத்திலும் யாரும் விதைக்காமலே வளர்வதால், தென்னிந்தியாவில் பெரும்பாலோர் அதைக் களைக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆவணி பிறந்ததும் கேரளத்தில் அதற்குத் தேவை வந்துவிடுகிறது. ஓணப் பண்டிகைக்காக அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் வாசலில் இடும் பூக்கோலத்தில் தும்பை இருந்தாக வேண்டும் என்பது பழைய வழக்கம். களிமண்ணில் பிடித்து வைக்கும் ஓணத் தெய்வ உருவமான திருக்காக்கரையப்பனுக்கும் தும்பைதான் உகந்தது.

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்த ஸ்ரீவராகம் போன்ற பழைய குடியிருப்புகளில், இந்தப் பூவை வாசலைத் தாண்டாமலே பறித்த காலம் உண்டு. இப்போது முற்றங்களில் சிமெண்டும் தரைக்கற்களும் வந்துவிட்டன. கோலத்துக்கான பூ தோவாளைப் பூச்சந்தையிலிருந்து மூட்டையாக வருகிறது: செண்டுமல்லி, வாடாமல்லி. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்டவை. தும்பை அப்படி மூட்டையில் ஏறாது. பூ மிகச் சிறியது, எடையும் இல்லை, பறித்த சில மணி நேரத்தில் துவண்டுபோகும். வேண்டுமென்றால் வீட்டில் வளர்ப்பதுதான் வழி. அது கடினமும் அல்ல.

இந்தச் செடிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பா, நகருக்கு வடக்கே உள்ள கடற்கரைக் கிராமம். அங்கே மண்டிக் கிடந்த தும்பைச் செடியால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலிலும் தும்பைச் செடி மலையாளப் பெயரோடே பதிவாகியிருக்கிறது. தமிழில் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய சான்று உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தும்பை இருக்கிறது. தொல்காப்பியம் நேருக்கு நேர் பொரும் போருக்கு இந்தப் பூவின் பெயரையே திணைப் பெயராக வைத்திருக்கிறது.

வளர்க்க நினைப்பவர் முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். தும்பை துளசியின் குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும், சுணை சொரசொரக்கும். இலை குறுகி நீண்டிருக்கும், கசக்கினால் காரமான பச்சை வாடை வரும். கணுக்களிலும் நுனியிலும் பச்சைப் புல்லிவட்டங்கள் உருண்டையாகத் திரண்டு நிற்க, அவற்றிலிருந்து வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். பெயரளவில் தும்பையான செடிகள் பல உண்டு. கவிழ்தும்பையின் பூ தலை கவிழ்ந்து வெளிர்நீலமாக இருக்கும். காசித்தும்பை பால்சம் செடி. பெருந்தும்பை எனப்படும் பேய்மிரட்டி ஆளுயரம்கூட வளரும், பூ ஊதா. இவை எவற்றுக்கும் தும்பையோடு நேரடி உறவு இல்லை, பேய்மிரட்டி மட்டும் அதே குடும்பம்.

பூவின் அமைப்பை ஒருமுறை கவனித்துவிட்டால் வளர்ப்பில் பாதி புரிந்துவிடும். மேலிதழ் சிறிய குல்லாய்போல் வளைந்து, வெண்மயிர் அடர்ந்திருக்கும். கீழிதழ் அகன்று முன்னே நீண்டிருக்கும். தேனீ கீழிதழில் வந்து உட்கார்ந்து, குழலின் அடியிலுள்ள தேனுக்குத் தலையை நுழைக்கும்போது, குல்லாய்க்குள் மறைந்திருக்கும் மகரந்தம் அதன் மேல்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது. மகரந்தத் தாள்கள் வெள்ளைக் குழலோடு ஒட்டியிருப்பதால், பூவை மெல்ல இழுத்தால் அவையும் சேர்ந்தே வந்துவிடும். சூலகம் மட்டும் பச்சைப் புல்லிக்குள் பத்திரமாகத் தங்கிவிடும். காலையில் தேனீ வந்துபோன பூவை அதன் பிறகு பறித்தாலும் உள்ளே நான்கு விதைகள் முற்றும். ஆகவே கோலத்துக்குப் பூப் பறிப்பதால் தும்பை அழிவதில்லை. விதை முற்றுவதற்குள் செடியையே வெட்டுவதுதான் அதை அழிக்கிறது. கிழங்கோ வேர்க்கட்டையோ வைத்துப் பிழைக்கும் செடி அல்ல இது. அடுத்த ஆண்டுக்கு அதனிடம் இருப்பது விதை ஒன்றுதான். மழைக்காலத்தில் புல்வெட்டும் இயந்திரம் இரண்டு மூன்று முறை ஓடும் இடங்களில் தும்பை குறைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

விதை கடையில் தேட வேண்டியதில்லை. மார்கழி, தை வாக்கில் காய்ந்து பழுப்பேறிய செடியைத் தாளின் மேல் தலைகீழாகத் தட்டினால் சிறிய பழுப்பு விதைகள் உதிரும். நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வைத்தால் போதும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்குச் சற்று முன் விதைத்தால் ஓணத்துக்குப் பூ கிடைக்கும். வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுப் பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசி ஏற்ற காலம்.

மண்ணில் உரம் சேர்க்க வேண்டாம். தரிசில் பழகிய செடிக்கு வளமான மண்ணைக் கொடுத்தால் இலை பெருக்கும், பூ குறையும். மணல் கலந்த, தண்ணீர் தேங்காத இடம்தான் தேவை. முற்றமே இல்லாத வீட்டில், மொட்டைமாடியில் அகன்ற தொட்டி போதும்: பாதி செம்மண், பாதி மணல், அடியில் ஓட்டை. நாள் முழுக்க வெயில் விழ வேண்டும், தென்னை நிழலில் செடி நெட்டையாக வளர்ந்து சாயும். விதை மிகச் சிறியது என்பதால் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாக அழுத்திவிட வேண்டும். முளைக்கும்வரை ஈரம் காயாமல் பூவாளியால் தெளிக்கலாம். வேர் பிடித்த பிறகு மழையே போதும், மழை விட்டுப்போனால் மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினால் சரி.

பெரும்பாலான இழப்பு களையெடுக்கும்போதுதான் நேர்கிறது. நாற்று இரண்டு மூன்று ஜோடி இலை விட்டிருக்கும்போது எந்தக் களைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கையால் தண்டின் பட்டையைத் தொட்டுப் பார்த்த பிறகே பிடுங்க வேண்டும். நெருக்கமாக முளைத்தவற்றை ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்து, பிடுங்கியதைக் கீரையாகச் சமைக்கலாம். தும்பைக் கீரை பல கிராமங்களில் இன்றும் துவையலாகிறது. பூச்சிமருந்து அடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வராவிட்டால் விதை குறையும்.

ஓணம் முடிந்தபின் செடி அழகாக இருக்காது. அடியிலை உதிர்ந்து, தண்டு வெளுத்து, காய்ந்த உருண்டைகள் மட்டும் நிற்கும். முற்றத்தைத் துப்புரவாக்கும் ஆசை வருவது அப்போதுதான். தை முடியும்வரை நான்கைந்து செடிகளையாவது அப்படியே விட்டுவைத்தால், விதை தானாக உதிர்ந்து அடுத்த இடவப்பாதி எனப்படும் தென்மேற்கு மழையில் அதே இடத்தில் முளைக்கும். அதற்குள் மேலே சிமெண்டோ தடித்த சருகோ படியாமல் மண் திறந்திருக்க வேண்டும். தொட்டியில் வளர்த்தவர் பழைய மண்ணைக் கொட்டிவிடாமல் அதே தொட்டியில் காயவிட்டு, மழைக்கு முன் மேல்மண்ணை மட்டும் கிளறிவிடலாம்.