வீடு ஜப்தியானால் சாமான்கள் யாருக்கு?

நாளிதழின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் 'சுவாதீன அறிவிப்பு' பலர் கண்ணில் படுவதே இல்லை. கடன் வாங்கியவர் பெயர், பாக்கித் தொகை, வீட்டின் நான்கு எல்லைகள் எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இருந்த பீரோவும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழும் என்ன ஆயின என்பது மட்டும் இருக்காது.

நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமான வீட்டை வங்கி கையகப்படுத்த வழிசெய்தது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். பிறகு அச்சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். பாக்கியைக் கட்ட 60 நாள் கெடு. எழுத்து மூலம் ஆட்சேபம் சொன்னால், வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு. அதனால் கெடு நின்றுவிடாது.

கெடு முடிந்ததும் வங்கி அதிகாரி கதவில் அறிவிப்பை ஒட்டுவார். பெரும்பாலும் இந்தக் கையகப்படுத்தல் காகித அளவில்தான். குடும்பம் உள்ளேதான் இருக்கும். ஆட்களை வெளியேற்ற, மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி உத்தரவு பெறும். அதோடு வழக்கறிஞர் ஆணையரோ வருவாய்த் துறை அலுவலரோ போலீஸ் துணையுடன் வருவார். பூட்டிக் கிடந்தால் பூட்டை உடைத்து, உள்ளே இருப்பதைப் பட்டியலெடுத்து, சீல் வைப்பார்கள்.

அந்தப் பட்டியலில்தான் எல்லாம் இருக்கிறது. அடமானப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது மனையையும் கட்டடத்தையும். மிக்சியையும் துணிமணியையும் சாமி படத்தையும் யாரும் அடமானம் வைக்கவில்லை. அவற்றை விற்றுக் கடனில் கழிக்க வங்கிக்கு உரிமை கிடையாது. வீட்டை ஏலம் எடுத்ததாலேயே அவை ஏலதாரருக்குச் சொந்தமாகிவிடவும் மாட்டா. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடனாளி குடும்பத்தின் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யவே கூடாது என்கிறது. தாலி இதில் அடங்கும். சர்ஃபாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவும் இந்த விலக்கை ஏற்கிறது. நூறாண்டுக்கு முன்பே சட்டம் சோற்றுப் பானையை நினைத்துப் பார்த்திருக்கிறது. சீல் வைக்க வருகிறவர்கள் சாமானை ஏற்றிச் செல்ல அரைநாள் பொறுப்பதே நியாயம்.

உரிமை இருந்தும், பூட்டுக்குப் பின்னால் போனதை மீட்பது லேசல்ல. 'பழைய சாமான்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பின்னால் எதை நிரூபிப்பது? பட்டியல் எடுக்கும்போது கூடவே நின்று, செல்போனில் படம்பிடித்து, நகல் கேட்டு வாங்க வேண்டும். விட்டுப்போனவற்றைக் கேட்டு வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்குப் பதிவுத் தபாலில் உடனே எழுத வேண்டும். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால், கைவிட்ட பொருள் என்று வங்கி வாதாட வழி பிறக்கும். சான்றிதழ், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, நகைகளை நோட்டீஸ் ஒட்டிய அன்றே உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் சங்கடம். கடன் அவருடையதல்ல, உள்ளே மாட்டிக்கொள்ளும் சாமான் அவருடையது. அடமானத்துக்கு முன்பே முறையாக ஏற்பட்ட குத்தகையை இந்தச் சட்டத்தைக் காட்டி முறிக்க முடியாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-ல் வந்த திருத்தத்தால் வாடகைதாரரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பத்திரமின்றி வாய்ப்பேச்சில் குடியிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கடனாளி அங்கே போக வேண்டும். ஒரு காலத்தில் வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவையே ஏற்பார்கள். மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் வீட்டை மீட்கும் வாசல் இப்போது சீக்கிரமே அடைபடுகிறது. பாக்கியைக் கட்டி மீட்பதென்றால் ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டியாக வேண்டும் என்பதை 2023-ல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏலத் தொகை கடனையும் செலவையும் தாண்டினால் மிச்சம், வேறு உரிமையாளர் யாரும் இல்லாதபட்சத்தில், கடனாளிக்கே சேர வேண்டும். அதைக் கணக்கோடு எழுதிக் கேட்கலாம்.