இறுதியாண்டுப் படிப்புடன் பகுதிநேர வேலை: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சாத்தியம்?

பெங்களூரு: ஓசூர் சாலையை ஒட்டிய எலெக்ட்ரானிக் சிட்டியில் கல்லூரிகளும் அலுவலகங்களும் அருகருகே உள்ளன. 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் உருவாக்கத் தொடங்கிய இந்தத் தொழில் நகரில், மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் சேவை, உணவு விநியோகம் எனப் பகுதிநேர வேலைகள் மாணவர்களின் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைக்கின்றன. தமிழக எல்லை அருகில் இருப்பதால் ஓசூர் பகுதி மாணவர்களும் இந்த வாய்ப்புகளை நாடுகின்றனர்.

கல்விக் கட்டணத்துக்கும் விடுதி வாடகைக்கும் இந்த வருமானம் பலருக்கு அவசியமாகிறது. ஆனால் இறுதியாண்டில் வேலை நேரத்தின் அளவு தவறினால், பட்டமே தள்ளிப்போகக்கூடும்.

168 மணி நேரத்தின் கணக்கு

தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, செய்முறை, சுயபடிப்பு அனைத்தும் சேர்ந்த 30 மணி நேரக் கற்றல் ஆகும். ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். இதை 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 40 மணி நேரம் படிப்புக்குத் தேவைப்படுகிறது.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேர உறக்கத்துக்கு 56, படிப்புக்கு 40, உணவு உள்ளிட்ட அன்றாடத் தேவைகளுக்கு 21, பயணத்துக்கு 12 எனக் கழித்தால் 39 மணி நேரம் மிஞ்சும். இறுதியாண்டுக்கே உரிய வளாக நேர்காணல் தயாரிப்புக்கு 10 மணி நேரமும், ஓய்வுக்கும் எதிர்பாராத தேவைகளுக்கும் 9 மணி நேரமும் ஒதுக்கினால், வேலைக்குக் கிடைப்பது சுமார் 20 மணி நேரம் மட்டுமே.

வெளிநாடுகளில் நிலை என்ன?

பிரிட்டனில் பட்டப்படிப்பு பயிலும் வெளிநாட்டு மாணவர்கள் பருவக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கனடாவில் கல்லூரி வளாகத்துக்கு வெளியே செய்யும் வேலைக்கான வரம்பு 2024 நவம்பர் முதல் 24 மணி நேரமாக உள்ளது. ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். இவை விசா நிபந்தனைகள். இந்தியாவில் உள்நாட்டு மாணவர்களுக்கு இத்தகைய தனி வரம்பு இல்லாததால், அதை மாணவரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

வருகைப்பதிவில் வரும் சிக்கல்

பல பல்கலைக்கழகங்களில் தேர்வெழுதக் குறைந்தபட்சம் 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவை. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இது 85 விழுக்காடு. தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே குறிப்பிட்ட அளவு விலக்கு கிடைக்கும்.

ஒரு பாடத்துக்கு வாரம் 4 வகுப்புகள் வீதம் 15 வாரங்களில் 60 வகுப்புகள் நடப்பதாகக் கொள்வோம். வாரம் ஒரு வகுப்பைத் தவறவிட்டால் வருகை 45 ஆகிறது. அதாவது சரியாக 75 விழுக்காடு. அதன்பின் ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் வரம்புக்குக் கீழே சென்றுவிடும். 85 விழுக்காடு கேட்கும் இடத்தில் 9 வகுப்புகளுக்கு மேல் தவறவிட இயலாது.

வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. பணியில் சேரும்போது அரியர் இருக்கக் கூடாது என்பது நிறுவனங்கள் பொதுவாக விதிக்கும் நிபந்தனை. பகுதிநேர வேலைக்காகத் தவறவிட்ட வகுப்புகள், கையிலிருக்கும் முழுநேர வேலையையே பறித்துவிடலாம்.

இரவு ஷிப்டில் கவனம்

நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இந்தியாவில் கோடைக்காலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. எனவே அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டியே முடிகிறது. அதிகாலை 4 மணிக்கு அறைக்குத் திரும்பி 9 மணி வகுப்புக்குச் செல்பவருக்கு 4 மணி நேர உறக்கம்கூட உறுதியில்லை. வாரத்துக்கு 20 மணி நேரம் என்றாலும், அது இரவு ஷிப்டாக இருந்தால் பாதிப்பு அதிகம். வார இறுதியிலும் மாலையிலும் செய்யும் வேலையே படிப்புக்கு ஏற்றது.

பயண நேரமும் முக்கியம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் வழித்தடம், ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ. தொலைவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகச் செல்கிறது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்காமல் செல்ல இது உதவும். எனினும், வேலை முடியும் நேரத்தில் ரயில் உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* தேர்வு வாரங்களில் ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா? இதை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது பாதுகாப்பானது.
* ஷிப்ட் நேரம் நிலையானதா, வாரந்தோறும் மாறுமா?
* இடையில் விலகினால் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு? அசல் சான்றிதழ்களையோ வைப்புத்தொகையையோ கேட்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும்.
* ஊதியத்தில் டிடிஎஸ் பிடிக்கப்படுமா? ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம்.
* இதே வேலையை இன்டர்ன்ஷிப்பாகக் கல்லூரி ஏற்குமா? ஏற்றால் ஒரே உழைப்பு ஊதியமாகவும் கிரெடிட்டாகவும் மாறும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், ஒவ்வொரு மாத இறுதியிலும் தங்கள் வருகைப்பதிவைச் சரிபார்ப்பது அவசியம். அது வரம்பை நெருங்கினால், துறைத் தலைவரிடம் அப்போதே பேசி வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கான அனுமதி மறுக்கப்பட்ட பிறகு பேசுவதைவிட இது எளிது.