காத்திருத்தலும் வணக்கமே

நோயைத் தருபவனும் நோய் நீக்குபவனும் அல்லாஹ் ஒருவனே என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆயினும் அதனை நாவினால் மொழிவது ஒன்று. அந்த நம்பிக்கையை நெஞ்சில் ஏந்தியவாறு, பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில், மருத்துவமனை வாயிலில் மாதக்கணக்காகக் காத்து நிற்பது வேறொன்று. கல்லீரல் பழுதுற்ற நோயாளியை அழைத்துக்கொண்டு, மாற்றுக் கல்லீரலை எதிர்நோக்கிச் சென்னைக்கும் டில்லிக்கும் செல்லும் குடும்பங்கள் இன்று அந்நிலையில் இருக்கின்றன. அவர்களுடைய ஈமான் அங்கே எவ்வாறு சோதிக்கப்படுகிறது, மார்க்கம் அவர்களுக்கு எத்தகைய துணையாக நிற்கிறது, ஊரில் நலமாக இருக்கும் நமக்குரிய கடமை யாது என்பவற்றை இந்த வெள்ளிக்கிழமையில் சிந்திப்போம்.

வீட்டை விட்டு வெளியே

அன்புள்ள வாசகர்களே! கடலோர ஊரொன்றில் பிறந்த ஒரு பச்சிளங்குழந்தையை எண்ணிப் பாருங்கள். பிறந்த சில நாட்களில் தோன்றிய மஞ்சள் காமாலை வாரங்கள் சென்றும் நீங்கவில்லை. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் நாளங்கள் அடைபட்டுள்ளன என்கின்றனர் மருத்துவர்கள். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவை முறையினால் சில குழந்தைகள் பயனடைகின்றன. பயனடையாத குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகிக் கெட்டுப்போகிறது. பின்னர் மாற்றுக் கல்லீரல் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

உம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு முன்பின் அறியாத நகரத்திற்குப் புறப்படுகிறார். வளைகுடா நாட்டிலிருந்து வாப்பா விடுப்பில் ஓடி வருகிறார். மூத்த பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் விடப்படுகிறார்கள். மருத்துவமனைக்கு அருகே ஓர் அறை வாடகைக்கு எடுக்கப்படுகிறது. மண்ணெண்ணெய் அடுப்போ எரிவாயு அடுப்போ வைத்து, இரு பாத்திரங்களுடன் ஒரு புதுக் குடித்தனம் தொடங்குகிறது. இந்த வீட்டிற்கு நாள் குறிப்பிட்ட முடிவு இல்லை. அதுவே அவர்களின் முதற் சோதனை.

இத்துறையின் வரலாறே பொறுமையின் வரலாறுதான். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரல் மாற்ற முயன்றார். அந்த முதல் நோயாளியான குழந்தை பிழைக்கவில்லை. 1967-இல்தான் வெற்றி கிட்டியது. நம் நாட்டில் குழந்தைக்குச் செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவை 1998 நவம்பரில் டில்லியில் நடைபெற்றது. அக்குழந்தை காஞ்சிபுரத்திலிருந்து சென்ற குழந்தை. வயது இருபது மாதம். ஈரலின் ஒரு பகுதியை ஈந்தவர் பெற்ற தந்தையே. அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, தாமும் மருத்துவரானார். மொழி புரியாத தலைநகரில் அன்று காத்திருந்த அப்பெற்றோரை நினைத்தால், காத்திருத்தல் என்பது எந்தச் சமயத்தாருக்கும் பொதுவான பள்ளிக்கூடம் என்பது விளங்கும்.

படைத்தவன் வைத்த வியப்பு

மனித உறுப்புகளுள் கல்லீரலுக்கு அல்லாஹ் ஒரு தனித் தன்மையை அளித்துள்ளான். அதன் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும், எஞ்சிய பகுதி சில வாரங்களிலும் மாதங்களிலும் வளர்ந்து, ஏறத்தாழப் பழைய அளவை எட்டுகிறது. குழந்தைக்கு ஈரலின் இடப்புறத்துச் சிறு பகுதியே போதும். வளர்ந்தவருக்கு வலப்புறத்துப் பெரும்பகுதி தேவைப்படுகிறது. கொடுத்தவரிடமும் அது வளர்கிறது, பெற்றவரிடமும் வளர்கிறது. ஆயினும் கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று கூறிவிட இயலாது. ஆரோக்கியமான ஒருவர், தமக்கு எந்த நோயும் இல்லாதிருக்கும்போதே கத்தியின் கீழ்ப் படுக்கிறார். உம்மாவா, வாப்பாவா, மாமாவா என்னும் கேள்வி எழும்போது, வீட்டினுள் யாரும் யாரையும் வற்புறுத்தலாகாது. அஞ்சி மறுப்பவரைப் பாசமற்றவர் என்று பழிப்பதும் கூடாது. மனமுவந்து கொடுப்பதே கொடை.

மருந்தும் தவக்குலும்

‘எல்லாம் அவன் நாட்டம்; பிறகு ஏன் இத்தனை அலைச்சல்?’ என்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்போர் உண்டு. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் அதனைக் கட்டுமாறும் பின்னர் பொறுப்புச் சாட்டுமாறும் அறிவுறுத்தியவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவிய நாட்டுப்புறத்து அரபிகளுக்கும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்தைப் படைத்திருக்கிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று வழியிலேயே திரும்பினார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்க, ஒரு விதியிலிருந்து அதே இறைவனின் மற்றொரு விதியை நோக்கியே செல்வதாகக் கலீஃபா மறுமொழி கூறினார்கள். ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் இரயிலும் அந்த மற்றொரு விதியை நோக்கியே செல்கிறது என்பதை அக்குடும்பம் உணர்ந்தால், உள்ளத்தில் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கொடுக்கலாமா, பெறலாமா?

மனித உடல் இறைவனின் அமானிதம். அதிலிருந்து எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை ஏது என்று ஐயுற்ற உலமாக்கள் பலர். இந்தியத் துணைக்கண்டத்துப் பெரியோர் சிலர் உறுப்பு மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். எனினும் 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நிபந்தனைகளுடன் இதனை அனுமதித்தது. கொடுப்பவரின் உயிருக்குக் கேடு நேரலாகாது. அவர் தெளிந்த அறிவுடன் தாமே இசைந்திருத்தல் வேண்டும். உறுப்பை விலைக்கு விற்றல் கூடாது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் எனும் திருமறையின் கருத்தே இத்தகைய தீர்ப்புகளுக்கு ஒளியாக நிற்கிறது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்பு விற்பனையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆகவே தரகர் எவரேனும் அறைக்கதவைத் தட்டினால், மார்க்கத்தின் பெயராலும் சட்டத்தின் பெயராலும் அக்கதவை அடைத்துவிடுங்கள்.

குடும்பத்தில் எவருடைய ஈரலும் பொருந்தாதபோது, மூளைச் சாவடைந்த ஒருவரின் உறுப்புக்காகக் காத்திருக்க நேரிடுகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்கென அரசின் ஒழுங்குமுறை இயங்கி வருகிறது. மூளைச் சாவை முழு மரணமாகக் கொள்ளலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1986 அக்டோபரில் அம்மானில் கூடியபோது மேற்கூறிய அகாதமி, மூளையின் இயக்கம் மீளாவகையில் முற்றிலும் நின்றதை வல்லுநர்கள் உறுதிசெய்தால் அதனை மரணமாக ஏற்றது. ஏற்காதோரும் உளர். இதில் ஐயமுள்ளோர் தம் நம்பிக்கைக்குரிய ஆலிமிடமும் மருத்துவரிடமும் சேர்ந்து கேட்டுத் தெளிவதே முறை.

என்னவென்று துஆச் செய்வது?

இங்கேதான் அக்குடும்பத்தின் ஈமானுக்கு உண்மையான உரைகல் வைக்கப்படுகிறது. கையேந்தி அமர்கிறார் அந்த உம்மா. ‘யா அல்லாஹ், விரைவில் ஓர் ஈரல் கிடைக்கச் செய்வாயாக’ என்று கேட்க வாய் திறக்கிறார்; உடனே நாவு தடுமாறுகிறது. அந்த ஈரல் வரவேண்டுமானால் எங்கோ ஒரு வீட்டில் மரணம் நிகழவேண்டுமே! தம் பிள்ளை வாழப் பிறர் பிள்ளை மாளவேண்டும் என்று ஒரு முஃமினான பெண் எப்படிக் கேட்பார்?

வாசகர்களே, அந்தத் தடுமாற்றம் ஈமானின் பலவீனமன்று; அதன் உயிர்த்துடிப்பு. தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும்வரை ஈமான் நிறைவுறாது என்ற பாடம் அந்நெஞ்சில் பதிந்திருப்பதாலேயே நாவு தயங்குகிறது. அவர் வழியைக் கேட்கவேண்டியதில்லை. நலத்தைக் கேட்டால் போதும். எவருடைய தவணையும் இவருடைய துஆவினால் முந்துவதில்லை. ஒவ்வோர் உயிருக்கும் அதன் தவணை எழுதப்பட்டுவிட்டது. ஆகவே, ‘என் பிள்ளைக்குச் சுகமளிப்பாயாக, அதற்கான வழியை நீயே அறிவாய்’ என்று அவர் கேட்கட்டும். உறுப்புக் கிடைத்த நாளில், துயரத்தில் மூழ்கியிருந்த வேளையிலும் பிறருயிரைக் காக்க இசைந்த அந்த முகமறியாத குடும்பத்திற்குப் பொறுமையையும் ஆறுதலையும் அருளுமாறு இறைஞ்சட்டும். 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடையளித்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அரசின் மரியாதையோடு, பயனடைந்தோரின் நன்றியும் அவ்வீட்டாரைச் சென்றடைய வேண்டும்.

அழுவது பொறுமைக்கு மாறானது என்று எவரேனும் கூறினால், யஃகூப் நபி (அலை) அவர்களை நினைவுகூருங்கள். மகன் யூசுபைப் பிரிந்து, கண்கள் வெளுக்கும்வரை அழுதார்கள். ஆயினும் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். நம்பிக்கை இழப்பதைத் தம் மக்களுக்கும் தடுத்தார்கள். கண்ணீர் ஸப்ரைக் கெடுப்பதில்லை, நிராசையே கெடுக்கும்.

அந்நிய ஊரில் தொழுகை

இன்றா நாளையா என்று அறியாமல் தங்கியிருப்போரின் தொழுகை பற்றியும் நம் இமாம்கள் ஆராய்ந்துள்ளனர் என்பது வியப்பளிக்கும். ஹனஃபி மத்ஹபின்படி, ஓரிடத்தில் பதினைந்து நாட்கள் தங்குவதாக நிய்யத்துக் கொள்ளாதவரை பயணி கஸ்ராகத் தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில், போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் உறுதி இருந்தால் முழுமையாகத் தொழ வேண்டும். ஆனால் காரியம் எந்நேரமும் முடியலாம் என்று எதிர்பார்த்திருப்பவருக்குப் பதினெட்டு நாட்கள்வரை சலுகை உண்டு. அஜர்பைஜானில் பனி வழிமறித்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு திங்கள் கஸ்ராகத் தொழுததாக வரலாறு கூறுகிறது. மாதக்கணக்கில் தங்குவது உறுதியென்று அறை எடுத்தவர்களோ ஊர்வாசிகளைப் போன்றே முழுமையாகத் தொழ வேண்டும்.

நோயாளி நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழலாம். தண்ணீர் படக்கூடாத காயத்தின் கட்டின் மீது மஸ்ஹு செய்யலாம். தண்ணீரே ஆகாதெனில் தயம்மும் உண்டு. மாற்று ஈரல் பெற்றவர், உடல் அதனை ஒதுக்கிவிடாதிருக்க ஆயுள் முழுவதும் குறித்த நேரத்தில் மருந்து உண்ண வேண்டியவர். ரமளானில் மருத்துவர் நோன்பைத் தடுத்தால், பிடிவாதமாக நோன்பு நோற்று உடலைக் கெடுத்துக்கொள்வது பக்தியாகாது. நீங்காத நோயுடையோருக்கு ஃபித்யா என்னும் வாயிலை இறைவனே திறந்து வைத்துள்ளான்.

உர்வா கற்பித்த பாடம்

மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள். கலீஃபா வலீதைக் காண ஷாம் நாட்டிற்குச் சென்றபோது அவர்களுடைய கால் அழுகத் தொடங்கியது. அதனை அறுத்தாலன்றி உயிர் தப்பாது என்று மருத்துவர்கள் கூறினர். மயக்கம் தரும் பானத்தை மறுத்து, திக்ரில் மூழ்கியவாறே காலை அறுக்கக் கொடுத்தார்கள். அதே பயணத்தில் அவர்களுடைய அருமை மகனும் கால்நடை உதைத்து மாண்டார். சொந்த ஊரை விட்டுத் தொலைவில் இரு பேரிழப்புகள். அப்போதும், உறுப்புகள் நான்கில் ஒன்றை எடுத்து மூன்றை விட்டுவைத்ததற்காகவும், மக்களுள் ஒருவரை எடுத்து ஏனையோரை விட்டுவைத்ததற்காகவும் இறைவனைப் புகழ்ந்தார்கள். மயக்க மருந்தை மறுக்கும் வலிமை நம்மில் யாருக்கும் தேவையில்லை. இன்றைய மயக்க மருந்து அல்லாஹ்வின் அருட்கொடை. நாம் கற்க வேண்டியது, போனதை எண்ணாமல் எஞ்சியதை எண்ணும் அந்தக் கணக்கை.

நமக்குரிய கடமை

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் வீடும் நிலமும் உள்ளவரே ஆயினும், வெளியூரில் கைப்பொருள் தீர்ந்து தவிக்கும்போது அவர் அத்தகுதியைப் பெறுகிறார். ஆகவே ஜமாஅத்தார் ‘அவருக்கென்ன குறை?’ என்று கணக்குப் பார்த்து ஒதுக்கிவிடலாகாது. பைத்துல்மால் வைத்திருக்கும் ஊர்கள் இதற்கெனத் தனியே ஒரு தொகையை ஒதுக்கலாம். பெருநகரத்துப் பள்ளிவாசலின் நிர்வாகிகள் அருகிலுள்ள மருத்துவமனையில் வெளியூர்க் குடும்பம் ஏதும் உண்டா என்று வாரம் ஒருமுறை விசாரிக்கலாம். ஒரு வேளை வீட்டுச் சோறு, இரத்தம் கொடுக்க முன்வரும் இரண்டு இளைஞர்கள், மனுக்களை நிரப்பித் தர ஒருவர், ஊரில் விடப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஓர் அண்டை வீட்டுப் பெண்மணி. பெருந்தொகையைவிட இவை சில நேரம் பெரியவை. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லாத அடியானை, ‘நான் நோயுற்றிருந்தேனே’ என்னும் பொருளில் மறுமையில் இறைவன் வினவுவான் என்று எச்சரித்துள்ளார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அறிமுகமில்லாத நகரத்தில் படுத்திருப்பவரும் அந்த வினாவுக்குள் அடங்குவார்.

எல்லாக் காத்திருப்பும் நாம் விரும்பியவாறே முடிவதில்லை. சில குடும்பங்கள் பிள்ளையை அணைத்தவாறு ஊர் திரும்புகின்றன. சில குடும்பங்கள் வெறுங்கையுடன் திரும்புகின்றன. இரு சாராரின் துஆவையும் கேட்டவன் ஒருவனே. ஏற்கப்படாதது போலத் தோன்றும் துஆவும் அவனிடம் வீணாவதில்லை. இம்மையிலோ மறுமையிலோ அதற்கொரு ஈடு உண்டு.

நெடுந்தொலைவில் காத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் வல்ல அல்லாஹ் பொறுமையையும், நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், கொடுத்தோருக்கு நற்கூலியையும், அவர்களுக்குத் துணைநிற்கும் மனத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.