இருளைப் பகிர்ந்துகொண்டவர்கள்

‘மின்’ என்னும் சொல்லால் நம் முன்னோர் வானில் ஒளிரும் மின்னலைக் குறித்தனர். கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைவது அதன் இயல்பு. கம்பி வழியே ஓடிவரும் மின்சாரமும் அவ்வியல்பினின்று பெரிதும் மாறுபட்டதன்று. நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல், ஒரு நாட்டிற்கு வேண்டும் மின்சாரம் முழுவதையும் சேர்த்துவைத்தல் அரிது. எவ்வளவு செலவாகின்றதோ அவ்வளவும் அக்கணத்திலேயே ஆக்கப்படுதல் வேண்டும்.

ஆக்கமும் செலவும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போன்றவை. அவை ஒத்து நிற்பதைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுகின்றது. பெரிய மின் நிலையம் ஒன்று திடீரென நின்றால் இவ்வெண் குறையத் தொடங்கும். மிகவும் குறையின், எஞ்சிய பொறிகளும் தமக்குக் கேடு நேராதவாறு தாமே விலகிக்கொள்ளும். நாடு முழுவதும் இருளில் ஆழும். ஆதலால், சில பகுதிகளுக்குச் செல்லும் மின்சாரத்தை உடனே நிறுத்தித் துலாக்கோலைச் சமன் செய்வர்.

இவ்வுண்மையை உக்ரைன் நாட்டு மக்கள் கொடிய போரிடையே கண்டனர். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரஷ்யா அந்நாட்டின்மீது பெரும் படையெடுத்தது. அக்டோபர் 10 முதல், மின் நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகள் அடுத்தடுத்துப் பாய்ந்தன. நவம்பர் 23-ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில், நிலையங்களையும் ஊர்களையும் பிணைக்கும் மின்கட்டமைப்பினின்று அணுமின் நிலையங்கள் யாவும் அறுபட்டன. தலைநகராகிய கீவில் விளக்குகள் அணைந்தன, குடிநீரும் நின்றது. ஆயினும், இரண்டொரு நாட்களில் அந்நிலையங்கள் மீண்டும் இணைக்கப்பட்டன.

இஃது எங்ஙனம் இயன்றது? மூன்று வழிகளைக் கூறலாம். முதலாவது, முறைவைத்து வழங்கியமை. எப்பகுதிக்கு எந்நேரத்தில் மின்சாரம் இராது என்பதை மக்களுக்கு முன்னரே அறிவித்தனர். மருத்துவமனை முதலியவற்றிற்கு முதலிடம் அளித்தனர். இரண்டாவது, அண்டை நாடுகளின் துணை. அவ்வாண்டு மார்ச்சு 16 அன்றே உக்ரைனின் மின்கட்டமைப்பு ஐரோப்பாவின் கட்டமைப்போடு இணைக்கப்பட்டிருந்தது. இடர் வந்தபோது அவ்வழியே மின்சாரம் வந்தது. மூன்றாவது, ஓயாத உழைப்பு. பெரிய மின்மாற்றி ஒன்றைப் புதிதாகச் செய்யப் பல திங்கள் ஆகும். ஆதலின், சேமித்துவைத்தவற்றையும் பிறநாட்டார் ஈந்தவற்றையும் கொண்டு பழுதுகளை நீக்கினர். கற்காரைச் சுவர் எழுப்பி அவற்றைக் காத்தனர். செப்பனிட்ட இடத்திலேயே மீண்டும் குண்டு விழுந்ததும் உண்டு. அப்பணியில் உயிர்துறந்த தொழிலாளரும் உளர்.

மாணவர்களே! விசையை அழுத்தியவுடன் நம் வீட்டில் விளக்கு எரிகின்றது. அதன் பின்னே இரவும் பகலும் விழித்திருப்போர் பலர் உளர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒளியைப் பகிர்ந்துகொள்ளுதல் யாவர்க்கும் எளிது. எங்கோ ஒரு மருத்துவமனையில் விளக்கு எரியும்பொருட்டுத் தம் இல்லம் சிறிது நேரம் இருண்டிருக்க இசைந்தனரே, அம்மக்கள் இருளையும் பகிர்ந்துகொண்டனர். அதனாலேயே அந்நாட்டின் விளக்கு முற்றும் அணையாது நின்றது.