எச்ஐவி ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தாவுவது எப்படி?

எச்ஐவி ரத்தத்தில் மிதந்துபோய்த்தான் அடுத்த செல்லைப் பிடிக்கிறதா? அப்படியும் நடக்கும். ஆனால் அது தற்செயலை நம்பிய பயணம். வழியில் எதிர்ப்பொருள்கள் மடக்கலாம். இலக்கைச் சேராமலே வைரஸ் சிதைந்தும் போகலாம். அதைவிடப் பல மடங்கு திறமையான குறுக்குவழி ஒன்று உண்டு.

நிணநீர்க் கணுக்களில், எச்ஐவி தாக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. தொற்றுள்ள டி செல்லின் மேற்பரப்பில் ஜிபி120 என்ற வைரஸ் புரதம் துருத்தி நிற்கும். பக்கத்துச் செல்லில் உள்ள சிடி4 என்ற ஏற்பியை அது பற்றிக்கொள்கிறது. ஒட்டுப் புரதங்கள் பிடியை இறுக்குகின்றன. செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள் இடம் மாற, வைரஸ் துகள்கள் இரு செல்களும் ஒட்டும் சந்திப்பை நோக்கித் திரண்டு, பக்கத்துச் செல்லுக்குத் தாவுகின்றன. இந்தச் சந்திப்புக்கு 'வைரஸ் சினாப்ஸ்' என்று பெயர். நோய் எதிர்ப்புச் செல்கள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பை ஒத்தது இது. நம் படையின் பேச்சுமொழியையே எதிரி கற்றுக்கொண்டதுபோல!

ஒளிரும் புரதம் பொருத்திய எச்ஐவியைக் கொண்டு, இந்தக் கைமாற்றத்தை 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நேரடியாகப் படம்பிடித்தார்கள்.

இதனால் என்ன ஆகும்? ஒரே நேரத்தில் பல வைரஸ்கள் நுழைவதால் சில எதிர்ப்பொருள்களும் சில மருந்துகளும் வலுக்குறைகின்றன. ஆனாலும் கவலை வேண்டாம்: மருந்துகளைக் கூட்டாக, தவறாமல் உட்கொண்டால் இந்த வழியும் அடைபடுகிறது, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது.