ஒண்ணுமே இல்லாத மூலையைப் பார்த்து நாய் ஏன் குரைக்குது?

எங்க வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம். மாடிப்படிக்குக் கீழே பல வீடுகளில் இருக்கிற மாதிரி ஒரு முக்கோண இடுக்கு. அதில் இன்வெர்ட்டர், பழைய பேப்பர் கட்டு, அப்பாவின் செருப்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐப்பசி மழையில், ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு ஜிம்மி எழுந்து போய் அந்த இடுக்கைப் பார்த்து உறும ஆரம்பித்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒண்ணும் இல்லை. அணைத்தால் மறுபடியும் உறுமல், அப்புறம் குரைப்பு.

அப்பா இறந்து நாலு மாசம் ஆகியிருந்தது. தினமும் அந்தக் கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவார். அம்மா அமைதியாகச் சொன்னாங்க: "உங்கப்பா வந்துட்டுப் போறார்டா. அதுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல." எதிர்வீட்டு அக்கா வேற மாதிரி சொன்னாங்க: "நாய் கண்ணுக்கு எமன் தெரியும். ஒரு பரிகாரம் பண்ணிடுங்க." நான் ரெண்டையும் நம்பவில்லை. படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளோடு, நான் எங்கே கோட்டைவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜிம்மி யாருன்னு முதலில் சொல்லணும். வெள்ளை, புசுபுசு, ஏழு கிலோ. 'பொமரேனியன்' என்று சொல்லித்தான் வாங்கினோம். நம்ம ஊரில் அந்தப் பெயரில் புழங்கும் நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்து டஃப்பி ஞாபகம் இருக்கா? அதே வகைதான். அப்போ அவனுக்கு வயது பதினொன்று.

காதிலிருந்து ஆரம்பிப்போம். நமக்குக் கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயசாக ஆக மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். பழைய டப்பா டிவி ஓடும்போது பக்கத்து அறையிலிருந்தே 'கீ...' என்று ஒரு மெல்லிய சத்தம் சின்ன வயசில் கேட்டிருப்பீங்க. அது 15,625 ஹெர்ட்ஸ். தாத்தாவிடம் சொன்னால் "ஒண்ணும் கேக்கலையேடா" என்பார். நாய்க்கும் நமக்கும் நடப்பது அதே பேச்சுதான், இந்த முறை நாம தாத்தா. நாயின் மேல் எல்லை சுமார் 45,000 ஹெர்ட்ஸ்.

அதுக்காக நாய்க்கு எல்லாமே நம்மைவிட நல்லாக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். கீழ் எல்லை சுமார் 67 ஹெர்ட்ஸ்தான். அடித்தொண்டை இரைச்சலில் நாம்தான் மேல். மின்சார ரயில் தடதடத்து வருவதைவிட, பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் கிறீச்சொலிதான் அதற்கு உறைக்கும். சின்ன நாய்க்கு இன்னும் கூர்மையான காது என்பதும் கதைதான். 1983-ல் ஹென்றி ஹெஃப்னர் சிவாவாவிலிருந்து செயின்ட் பெர்னார்ட் வரை வெவ்வேறு அளவு நாய்களின் கேட்கும் திறனை அளந்தார். உடல் அளவுக்கும் கேட்கும் எல்லைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் எலிகளைப் பற்றியது. ஆபத்தை உணரும்போது எலி 22,000 ஹெர்ட்ஸ் அளவில் கத்தும். நம் காதின் கூரைக்குச் சற்று மேலே, நாயின் எல்லைக்குள் சௌகரியமாக. விளையாடும்போதும் கிச்சுகிச்சு மூட்டும்போதும் அது எழுப்பும் 'சிரிப்பு' 50,000 ஹெர்ட்ஸ் பக்கம். அது நாய்க்கும் எட்டுவது சந்தேகம். எலியின் பயம் நாய்க்குக் கேட்கும், சந்தோஷம் கேட்காது.

சரி, சத்தம் கேட்டது, ஆனால் ஏன் சுவரைப் பார்த்துக் குரைக்கணும்? ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி துல்லியத்தில் சொல்லிவிடுவோம். நாய்க்கு அது எட்டு டிகிரி அளவில்தான். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதில் ஒரு பங்கு இந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்பது என் ஊகம். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடைக் குழாயில் ஒண்ணு ஓடினால், நாய் 'சுமாராக அந்தப் பக்கம்' என்று நின்று குரைக்கும். பார்க்கிற நமக்கு வெறும் சுவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை இன்வெர்ட்டரை நகர்த்திப் பார்த்தேன். வாஷிங் மெஷின் தண்ணி வெளியே போகிற குழாயைச் சுற்றி ரெண்டு விரல் அகல ஓட்டை. பக்கத்தில் புழுக்கை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். மூஞ்சூறு! கரப்பான் தின்ன வந்திருக்கிறது. சுவரை ஒட்டியே ஓடும், கிச்கிச்சென்று கத்தும், குட்டிகள் ஒன்றின் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு அம்மா பின்னால் ரயில் மாதிரி போகும். மருந்து வைக்க அம்மா விடவில்லை, பிள்ளையார் வாகனம். வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்தேன். அன்று ராத்திரியிலிருந்து ஜிம்மி தூங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஓட்டையைக் காட்டினேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம புறநகர் ஏரிகளுக்கும் அவற்றின் வடிகால்களுக்கும் நடுவில் கட்டியது. மழைக்காலத்தில் நாய் கட்டிலுக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ உறுமினால், "சும்மா இருடா" என்று அதட்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்க. கட்டுவிரியன் ராத்திரி நடமாடும் பாம்பு. கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. நாயைத் தூக்கி வேறு அறையில் விடுங்க, இடுக்கில் கை விடாதீங்க.

பழக்கத்தால் வரும் குரைப்பு தனிக்கதை. கூரியர் பையன் வருகிறான், நாய் குரைக்கிறது, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவன் போகிறான். அவன் எப்படியும் போயிருப்பான். ஆனால் நாயின் கணக்கில் தான் விரட்டியதால்தான் போனான். இப்படி நூறு வெற்றி கண்ட நாய், கேட் சத்தம் மாதிரி எது கேட்டாலும் குரைக்கும். சின்ன நாய்களிடம் இது அதிகம் தெரிவதற்கு நாமும் காரணம். சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி குழு 2013-ல் 49 இனங்களைச் சேர்ந்த 8,301 நாய்களின் விவரங்களை ஒப்பிட்டது. உயரம் குறையக் குறையத் தொல்லை தரும் நடத்தைகள் கூடின. இனத்தின் மரபு ஒரு பக்கம். ஆனால் 2010-ல் வியன்னாவில் 1,276 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: 20 கிலோவுக்குக் குறைந்த நாய்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழக்குவதும் குறைவு, இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி நடப்பதும் அதிகம். லாப்ரடார் உறுமினால் பயிற்சியாளரைத் தேடுகிறோம். ஏழு கிலோ நாய் உறுமினால் வீடியோ எடுக்கிறோம். நான் எடுத்தேன்.

இப்போ என் தப்புக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஆடி மாசம், அதே மூலையில் மறுபடியும் குரைப்பு. எனக்குத்தான் விடை தெரியுமே! மறுபடி இன்வெர்ட்டரை நகர்த்தினேன், ஓட்டை அடைத்தபடியே இருந்தது. சுவரில் விரிசல் தேடினேன், மாடித் தண்ணீர் டேங்க் வரைக்கும் போனேன், பக்கத்து வீட்டில் எலி விரட்டும் மின்கருவி வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தக் கருவிகள் நமக்குக் கேட்காத சத்தம் போடும், நாய்க்குக் கேட்கலாம். படித்த படிப்பு எங்கேயெல்லாம் இழுத்துப் போகிறது பாருங்க. ஆறு மாசம் இப்படியே போனது.

கண்முன்னால் இருந்த வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. உறுமல் எல்லாம் ஒண்ணு இல்லை. புடாபெஸ்ட்டில் ஏத்வேஷ் லோராந்த் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2010-ல் வெளியானது. ஒரு எலும்பை வைத்து, நாய் அதை எடுக்கப் போகும்போது மறைவிலிருந்து மூன்று வகை உறுமல்களின் பதிவைப் போட்டார்கள்: விளையாட்டு உறுமல், அந்நியரை மிரட்டும் உறுமல், 'இது என் எலும்பு' உறுமல். எலும்பை விட்டுப் பின்வாங்க வைத்தது பெரும்பாலும் கடைசி உறுமல்தான். அதாவது உறுமலுக்குள்ளேயே காரணமும் இருக்கிறது, மற்ற நாய்க்கு அது புரிகிறது.

மூஞ்சூறு வந்த நாட்களில் ஜிம்மியின் காது முன்னால் மடங்கி, மூக்கு ஓட்டையை முகர்ந்து, தலை சத்தத்தோடு சேர்ந்து நகரும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "இங்க வந்து பாரேன்" என்கிற மாதிரி மறுபடி அங்கே பார்ப்பான். இரண்டாவது தடவை இதில் எதுவுமே இல்லை. முகரவில்லை. ஒரே தாளத்தில், கடிகாரம் மாதிரி, லொள்... லொள்... என்று சுவருக்கு நாலு விரல் தள்ளி நின்று குரைத்தான். பெயர் சொன்னால் திரும்பவில்லை. பகலெல்லாம் தூங்கினான். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் இருக்கும் பக்கம் போய் நின்றான். தூக்கப் போனால் என்னையே பார்த்து உறுமினான். "வயசாச்சு, கோவக்காரன் ஆயிட்டான்" என்று சிரித்தோம்.

ஒரு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் வாயைத் திறந்து காட்டினார். பின்பற்கள் ரெண்டு அடியோடு சீழ் பிடித்திருந்தன. சின்ன இன நாய்களுக்குச் சின்னத் தாடை, பற்கள் நெருக்கியடித்து நிற்கும், அழுக்கு சேர்ந்து ஈறு கெடும். இது ரொம்பச் சகஜம். தூக்கும்போது கை தாடையில் பட்டதால்தான் உறுமியிருக்கிறான். பல்லைப் பிடுங்கிய பிறகு என்னைப் பார்த்து உறுமுவது நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துக் குரைப்பது நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை, கண், காது எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது, வயதான நாய்களுக்கு வரும் மூளைத் தேய்வு. நம் பாட்டிகளுக்கு வருகிற மறதி நோயின் நாய் வடிவம்.

இது அபூர்வம் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் இதன் அறிகுறி ஒன்றாவது தெரிந்தது. தெரிந்த வீட்டிலேயே வழி தவறுவது, மூலையில் சிக்கிக்கொண்டு பின்வாங்கத் தெரியாமல் நிற்பது, இரவு பகல் தலைகீழாவது, பழகியவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் மாறுவது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போவது. பெரிய நாய்களைவிடச் சின்ன நாய்கள் அதிக வருஷம் வாழ்கின்றன. அதனால் இந்த வயதை எட்டிப் பார்ப்பவையும் அவைதான் அதிகம். சுவரைப் பார்த்து நிற்கும் கிழட்டுப் பொமரேனியன்கள் தெருவுக்குத் தெரு இருக்க இதுவும் ஒரு காரணம்.

முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. மனிதர்களுக்கு நடுக்குவாத நோயில் கொடுக்கும் செலிஜிலின் என்ற மருந்தை நாய்களின் இந்த நோய்க்கு 1998-லேயே அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். சில நாய்களுக்குப் பலன் தரும். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான், அளவும் அவர் சொன்னபடிதான். வலிக்குதே என்று வீட்டில் இருக்கும் மனிதர்களின் மாத்திரையை உடைத்துப் போட்டுவிடாதீங்க. ஐபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். செலவு பயமாக இருந்தால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து தூரம்தான், ஆனால் எல்லாத் துறையும் ஒரே இடத்தில்.

டாக்டரிடம் போகும்போது ராத்திரி எடுத்த வீடியோவைக் கொண்டு போங்க. எத்தனை மணிக்கு, முகர்ந்ததா, கூப்பிட்டால் திரும்பியதா, கடைசியாக எப்போ சாப்பிட்டது என்று ஒரு காகிதத்தில் குறித்து வைங்க. நான் சிரிப்புக்காக எடுத்த வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த ரெண்டு வகைக் குரைப்பும் ரெண்டு வேறு நாய்கள் மாதிரி தெரிந்தது. அந்த ஆறு மாசத்துப் பல்வலியையும் அவற்றில் பார்க்க முடிந்தது. சில வீடியோக்களில் பின்னணியில் என் சிரிப்பு கேட்கிறது.

இப்போ ஜிம்மிக்குப் பதிமூணு வயது. படிக்கட்டுப் பக்கம் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. சாமான்களை இடம் மாற்றுவதில்லை. ரெண்டு மணிக்கு எழுந்து போய் இன்னமும் சில நாள் அங்கே நிற்கிறான். அம்மாதான் முதலில் எழுந்துபோய் கீழ்ப்படியில் உட்காருவாங்க. அவன் அவங்க பாதத்தில் தலையை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான். டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொல்லிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாங்க. "எல்லாம் சரிதான்டா, ஆனா அவன் பாக்குறது உங்கப்பாவைத்தான்" என்கிறாங்க. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை.