திறக்கும் முன் அழுத்தம் பாருங்கள்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தென்னமரம் என்னும் இடத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உருவானது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் பகுதிகளிலிருந்து, 2011-இல் திறக்கப்பட்ட லாட்டார் விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போகிறார்கள். கார் நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும். அதனால்தான் பழைய மைவி காரின் ஆட்டோ கியர் வழுக்கும்போது, "கியர் பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொன்னவுடன் பலரும் கடன் வாங்கியாவது தலையாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

ஆட்டோ கியரை இயக்குவது எண்ணெய் அழுத்தம். என்ஜின் சுழலும்போது உள்ளே இருக்கும் பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும், சூடேறும், கருகும்.

முதலில் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். கருகிய வாடை தட்டுகள் தேய்ந்ததைக் காட்டும். வெள்ளத்தில் ஓடிய காரில் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடுத்து, எண்ணெய் நன்றாகச் சூடானபின், கியர் பெட்டியின் சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துவார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைபிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்த நிலையில், டிரைவிலும் ரிவர்ஸிலும் அளக்க வேண்டும்: என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒன்று, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஒன்று. முழு மிதி ஐந்து விநாடியைத் தாண்டக் கூடாது. காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கவும் கூடாது.

கிடைக்கும் நான்கு எண்களையும் அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். பொதுவாக ரிவர்ஸில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். நான்குமே குறைந்தால் எண்ணெய்க் குறைவு, அடைத்த வடிகட்டி, தேய்ந்த பம்ப், சிக்கிய அழுத்தச் சீராக்கி வால்வு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். டிரைவில் மட்டும் குறைந்தால் டிரைவில் இயங்கும் கிளட்சுக்குப் போகும் வழியில் கசிவு இருக்கலாம். எல்லாம் அளவுக்கு மீறினால் சீராக்கி வால்வு அல்லது அதை ஆளும் சோலினாய்டு. இவற்றில் சில, கியர் பெட்டியைக் கழற்றாமலே சரிசெய்யக்கூடியவை.

புதிய சிவிடி வகைக் கார்களில் அழுத்தம் மிக அதிகம். சாதாரண அழுத்தமானியைப் பொருத்துவது ஆபத்து. அவற்றுக்குக் கையேடு சொல்லும் கருவியும் ஸ்கேனரும் வேண்டும்.

எனவே கியர் பெட்டியைக் கழற்றச் சம்மதிக்கும் முன், அந்த நான்கு எண்களையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து காட்டும் பட்டறைக்கே உங்கள் வெள்ளியைக் கொடுங்கள்.